தமிழில் எழுதும்போது நிறுத்தக்குறிகளை எங்கே போடுவது, எங்கே விடுவது

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு மரண அறிவித்தல் ஒன்று வந்தது. விடிவதற்குள் துண்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் நான் சரி என்று விட்ட வரி இது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

காலஞ்சென்ற செல்லையா, பொன்னம்மா தம்பதியரின் அன்பு மகனும்

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, காற்புள்ளியும் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. மறுநாள் காலையில் இறந்தவருடைய தம்பி வந்தார். கோபப்படக்கூட இல்லை. “தங்கச்சி, அம்மா உயிரோட இருக்கிறா, வீட்டில் வந்து பாருங்கோ” என்று மட்டும் சொன்னார். காலமானவர் தகப்பன் மட்டும்தான். எண்பது வயது தாண்டிய அந்த அம்மா, மகனைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தானும் இறந்துவிட்டதாக அச்சடித்த தாளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்தக் காலை எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குறிகளை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன், படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. அந்த வரியைக் காற்புள்ளியால் காப்பாற்றியிருக்க முடியாது. ‘காலஞ்சென்ற’ என்ற சொல் காற்புள்ளியைத் தாண்டி அடுத்த பெயரையும் பிடித்துக்கொள்ளும். இப்படி எழுதியிருக்க வேண்டும்:

பொன்னம்மாவினதும் காலஞ்சென்ற செல்லையாவினதும் அன்பு மகனும்

உயிரோடு இருப்பவர் முதலில், காலமானவர் பிறகு, இருவரையும் பிரிக்க ‘உம்’. காற்புள்ளியே இல்லை, குழப்பமும் இல்லை. இருவரும் காலமாகியிருந்தால் “காலஞ்சென்றவர்களான செல்லையா, பொன்னம்மா ஆகியோரின்” என்று பன்மையில் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்லப்போவது இதைத்தான். தமிழில் ஒரு குறியைப் போடுவதற்கு முன், அந்த வேலையைச் சொல்லின் முடிவில் இருக்கும் உருபு ஏற்கனவே செய்துவிட்டதா என்று பாருங்கள். செய்துவிட்டது என்றால் குறி வேண்டாம். செய்யவில்லை என்றால், அல்லது இரண்டு பொருள் வருகிறது என்றால், குறி போடுங்கள். குறியாலும் தீராவிட்டால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

கொழும்பில் இருக்கும் நமக்கு இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால், பகல் முழுக்க அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிவிட்டு, மாலையில் சங்கத்துக்கோ கோயிலுக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ தமிழில் கடிதம் எழுதுகிறோம். கை ஆங்கிலப் பழக்கத்திலேயே போகிறது. அரசாங்கக் கடிதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ மொழிபெயர்க்கப்பட்டவை, அங்கே இருந்த குறிகள் அப்படியே தமிழுக்குள் வந்துவிடுகின்றன.

குறிகள் தமிழுக்கு வந்தது அச்சோடுதான். ஓலைச்சுவடியில் காற்புள்ளியோ கேள்விக்குறியோ கிடையாது, மெய்யெழுத்தின் மேல் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்கவில்லை, சொற்களுக்கு நடுவே இடமும் விடவில்லை. அப்படியிருந்தும் படித்தார்கள், ஏனென்றால் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வினைமுற்று சொல்லிவிடும், யார் யாரை என்ன செய்தார் என்பதை ‘ஐ’ சொல்லிவிடும், கேள்வி என்பதை ‘ஆ’ சொல்லிவிடும். ஐரோப்பாவில் கதை வேறு. கிறிஸ்துவுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் அரிஸ்டோபனீஸ் என்ற அறிஞர், உரக்க வாசிப்பவர் எங்கே எவ்வளவு மூச்சு எடுக்கலாம் என்று காட்ட மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். இன்றைய அரைப்புள்ளியின் வடிவம் 1490களில் வெனிஸ் நகரத்தில் அல்டுஸ் மனூட்டியுஸின் அச்சகத்தில் வந்தது. தமிழ் உரைநடையில் இந்தக் குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நிற்பவர் நம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). பீட்டர் பேர்சிவல் பாதிரியாரின் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, அவரோடு விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் தொடங்கியவரும் அவர்தான். ஆகவே குறிகள் நமக்கு அந்நியம் என்று சொல்ல மாட்டேன். வந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் அவற்றுக்குத் தமிழ் வாக்கியத்தில் உள்ள வேலை ஆங்கிலத்தில் உள்ள வேலையை விடக் குறைவு.

காற்புள்ளி

அதிகம் தப்பாகப் போவது இதுதான், அதனால் இதற்குத்தான் அதிக நேரம் எடுக்கப்போகிறேன்.

முதலில் பட்டியல். “அரிசியும் பருப்பும் சீனியும் வாங்கினேன்” என்றால் காற்புள்ளி வேண்டாம், ‘உம்’ பிரித்துவிட்டது. “அரிசி, பருப்பு, சீனி வாங்கினேன்” என்றால் வேண்டும், ஏனென்றால் பிரிக்க வேறு ஒன்றும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். “அரிசி, பருப்பு மற்றும் சீனி” என்று எழுதுவது ஆங்கில வாக்கியத்தின் எலும்பின் மேல் தமிழ்த் தோலைப் போர்த்துவது போல. இலக்கணப் பிழை என்று யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள், ஆனால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கடைக்காரரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? எண்ணிக்கையை மூடிக் காட்ட வேண்டும் என்றால் ‘ஆகியவை’, ‘ஆகியோர்’ இருக்கிறது.

‘உம்’ வந்தாலும் காற்புள்ளி போடலாம் என்ற இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு உறுப்பும் ஒரு வரி நீளத்துக்குப் போகும்போது. மரண அறிவித்தலில் “இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்புச் சகோதரரும் ஆவார்” என்று போடுவது சரிதான், வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும்.

அடுத்தது அழைப்பு. இங்கே காற்புள்ளியை விட்டால் ஆள் மாறிவிடும்.

ராணி அக்கா வந்துவிட்டா.
ராணி, அக்கா வந்துவிட்டா.

முதலாவதில் வந்தது ராணி அக்கா. இரண்டாவதில் ராணியிடம் யாரோ சொல்கிறார்கள், வந்தது வேறொரு அக்கா. நம் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறோம், அண்ணா, அக்கா, மாமா, அன்ரி என்று, ஆகவே பெயரும் முறையும் ஒட்டிக்கொள்கிற ஆபத்து நமக்கு எப்போதும் இருக்கிறது. வட்ஸ்அப்பில் எழுதும்போதும் இந்த ஒரு காற்புள்ளியை மட்டும் விடாதீர்கள். “மாமா அப்பா ஆஸ்பத்திரியில்” என்று ஒரு செய்தி வந்தால், மாமாவுடைய அப்பாவா, மாமாவிடம் அப்பாவைப் பற்றிச் சொல்கிறார்களா, மாமாவும் அப்பாவும் சேர்ந்து போயிருக்கிறார்களா என்று பஸ்ஸில் நின்றுகொண்டு யோசிக்கிறவரின் நெஞ்சு என்ன பாடுபடும்? 

மூன்றாவது, பெயரெச்சம், அதாவது ‘வாங்கிய’, ‘இருக்கும்’ மாதிரிப் பெயருக்கு முன்னால் நிற்கும் வினை. தமிழில் இதைப் போலக் குழப்புவது வேறில்லை, ஏனென்றால் முன்னால் நிற்கும் சொல் எதைப் போய்ச் சேருகிறது என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நேற்று வாங்கிய மீனைப் பொரித்தேன்.
நேற்று, வாங்கிய மீனைப் பொரித்தேன்.

முதலாவதில் வாங்கியது நேற்று, பொரித்தது இன்றைக்காக இருக்கலாம். இரண்டாவதில் பொரித்ததே நேற்று. ஒரே ஒரு காற்புள்ளி, மீன் எத்தனை நாள் பழையது என்பதையே மாற்றுகிறது. இதே மாதிரி “வெள்ளவத்தையில் இருக்கும் மாமாவின் கடை” என்றால் வெள்ளவத்தையில் இருப்பது மாமாவா, கடையா? “வெள்ளவத்தையில் இருக்கும், மாமாவின் கடை” என்று காற்புள்ளி போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் நான் போட மாட்டேன். “மாமாவின் வெள்ளவத்தைக் கடை” என்று மாற்றிவிடுவேன். சொல்லை இடம் மாற்றித் தீர்க்கக்கூடியதைக் குறியால் தீர்க்கப் பார்ப்பது, கதவு சாயாமல் இருக்க அடியில் கல் வைப்பது மாதிரி.

நான்காவது, எழுவாய்க்குப் பின்னால் போடுவது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் ஒற்றைக் காற்புள்ளி போட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். தமிழில் அப்படி இல்லை. நம் வினை கடைசியில் வருகிறது, எழுவாய் தொடக்கத்தில் நின்றுவிட்டு வினைக்காக நெடுநேரம் காத்திருக்கிறது. “புறக்கோட்டையில் முப்பது வருடம் மொத்த வியாபாரம் செய்த அந்தப் பெரியவர், கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விட்டார்” என்று எழுதும்போது பெரியவருக்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளி வாசகருக்கு உதவி. எழுவாய் ஒரே சொல் என்றால் வேண்டாம். “அவர், போய்விட்டார்” என்று எழுத ஒரு காரணமும் இல்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. “வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்” என்று முழு வினைமுற்றுகளைக் காற்புள்ளியால் தொடுப்பது தமிழில் அழகு. ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவதைப் பிழை என்று எண்ணுகிறார்கள். அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ ஓர் இணைப்புச் சொல்லோ வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற நம்மில் பலர் அலுவலகத்தில் சறுக்குவது இந்த இரண்டு இடத்திலும்தான், எழுவாய்க்குப் பின்னாலும் முழு வாக்கியங்களுக்கு நடுவிலும். வீட்டுப் பழக்கம் அலுவலகத்துக்குப் போகிறது, அலுவலகப் பழக்கம் வீட்டுக்கு வருகிறது. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

“தாமதமானால், அழைக்கவும்” என்று ‘ஆல்’ வந்ததுமே காற்புள்ளி போடுவதும் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்த பழக்கம். “தாமதமானால் அழைக்கவும்” போதும். நிபந்தனைப் பகுதி ஒரு வரிக்கு மேல் நீண்டால் போடுங்கள். ‘ஆனால்’, ‘எனவே’, ‘ஆகவே’ என்று வாக்கியம் தொடங்கினால் பின்னால் காற்புள்ளி கட்டாயம் இல்லை; பாடசாலையில் கட்டாயம் என்று படித்திருப்பீர்கள், பரீட்சையில் போடுங்கள், மற்ற இடத்தில் உங்கள் காது சொல்வதைக் கேளுங்கள்.

இனி, நிறையப் பேர் கவனிக்காத ஒன்று. காற்புள்ளி போட்டால் வல்லினம் மிகாது. “கடைக்குப் போனேன்” என்று ‘ப்’ போடுகிறோம், ஏனென்றால் இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்கிறோம். “அந்தக் கடைக்கு, போன கிழமை, தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன்” என்றால் ‘கடைக்கு’ என்பதோடு நிறுத்திவிட்டோம், நாக்கு அடுத்த சொல்லோடு சேரவில்லை, அதனால் ஒற்றும் இல்லை. “கடைக்குப், போன கிழமை” என்று ஒற்றையும் காற்புள்ளியையும் சேர்த்துப் போட்டால் ஒரே நேரத்தில் போ என்றும் நில் என்றும் சொல்கிற மாதிரி. இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். ஒரு இடத்தில் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒற்று தானாக வாயில் வருகிறதென்றால் அங்கே காற்புள்ளி வேண்டாம்.

அரைப்புள்ளி, முக்காற்புள்ளி

அரைப்புள்ளிக்குத் தமிழில் ஒரே ஒரு இடத்தில்தான் நான் கட்டாயம் சொல்வேன். பட்டியலுக்குள் பட்டியல் வரும்போது. வியாபாரத்துக்கு மூன்று கிளை இருக்கிறது என்று வையுங்கள்:

புறக்கோட்டை, செட்டியார் தெரு; கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி; வெள்ளவத்தை, காலி வீதி

எல்லாம் காற்புள்ளியாக இருந்தால் ஆறு இடம் என்று எண்ணிக்கொள்வார்கள். மரண அறிவித்தலிலும் இதே வேலை. “மாலா (லண்டன்), ரவி (கனடா), சுதா ஆகியோரின் பாசமிகு தந்தையும்; குமார், வாணி ஆகியோரின் அன்பு மாமனாரும்” என்று எழுதினால் பிள்ளைகள் ஒரு கூட்டம், மருமக்கள் ஒரு கூட்டம் என்று கண்ணுக்கே தெரிகிறது. சொந்தக்காரர் உலகம் முழுக்கச் சிதறிப்போன நம் குடும்பங்களுக்கு அடைப்புக்குள் நாட்டின் பெயரைப் போடும் பழக்கமும் வந்துவிட்டது. அதைப் போட்டால் அடைப்பு முடிந்த பிறகு காற்புள்ளி, அடைப்புக்கு முன்னால் அல்ல.

முக்காற்புள்ளி “திகதி:”, “இடம்:”, “பின்வருமாறு:” என்று பின்னால் ஏதோ வருகிறது என்று காட்டுவதற்கு. பழைய கடிதங்களில் முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இழுப்பார்கள், அது இப்போது தேவையில்லை.

மேற்கோள் குறியும் ‘என்று’ம்

‘என்று’ என்ற சொல் தமிழுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஒருவர் சொன்னது முடிந்தது என்று அது காட்டிவிடுகிறது, ஆனால் எங்கே தொடங்கியது என்று காட்டாது. தொடக்கத்துக்குத்தான் மேற்கோள் குறி உண்மையில் தேவைப்படுகிறது. 

தலைவர் செயலாளர் பொய் சொல்கிறார் என்றார்.

யார் சொன்னது? தலைவரா? அல்லது சொன்னவரின் பெயர் தொடக்கத்தில் விட்டுப்போனதா? “தலைவர், “செயலாளர் பொய் சொல்கிறார்” என்றார்” என்று எழுதினால் தெளிவு. எழுவாய்க்குப் பின்னால் காற்புள்ளி, பிறகு திறக்கும் குறி, மூடும் குறி, பிறகு ‘என்றார்’. மேற்கோளுக்குள் இன்னொரு மேற்கோள் வந்தால் உள்ளே ஒற்றைக் குறி போடுவது வழக்கம்; இங்கே நான் அப்படிச் செய்யாமல் விட்டது, சங்க அறிக்கையில் அந்த வரி வரவேண்டிய வடிவத்தை மாற்றாமல் காட்டத்தான்.

சொன்ன வார்த்தையை அப்படியே கொடுத்தால் மட்டும் மேற்கோள் குறி. “அண்ணா நாளை வருவதாகச் சொன்னார்” என்பதற்குள் குறியே கிடையாது, ஏனென்றால் அது அண்ணாவின் வாயில் வந்த சொல் இல்லை, நீங்கள் மாற்றிச் சொன்னது. கூட்டக் குறிப்பு எழுதுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் சொல்லாத சொற்களுக்கு மேற்கோள் குறி போட்டால் அவர் வாயில் வார்த்தையைத் திணித்ததாக ஆகும், அடுத்த கூட்டத்தில் சண்டை வரும்.

மூடும் குறிக்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். “வருகிறேன்,” என்றான் என்று பல சஞ்சிகைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஆங்கிலக் கதைகளிலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் எப்போதும் மேற்கோளுக்கு உள்ளே போடுவார்கள், பிரித்தானியர்கள் பொருளைப் பார்த்துப் போடுவார்கள். தமிழில் ‘என்றான்’ வந்து நிற்கும்போது அந்தக் காற்புள்ளிக்கு ஒரு வேலையும் இல்லை, விட்டுவிடலாம். முற்றுப்புள்ளியும் உள்ளே வேண்டாம், வாக்கியம் ‘என்றான்’ என்பதில்தானே முடிகிறது. கேள்விக்குறியும் உணர்ச்சிக்குறியும் மட்டும் உள்ளேயே இருக்க வேண்டும், அவை சொன்னவரின் குரல்: “எங்கே போகிறாய்?” என்று கேட்டாள்.

ஒரு சொல்லை அழுத்திக் காட்ட மேற்கோள் குறி போடாதீர்கள். பெயர்ப்பலகையில் “சுத்தமான” சைவ உணவு என்று குறிக்குள் போட்டால், சுத்தம் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்ற பொருள்தான் வாசிப்பவருக்கு வரும். அழுத்த வேண்டும் என்றால் எழுத்தைத் தடிப்பாக்குங்கள்.

கேள்விக்குறி, உணர்ச்சிக்குறி

வாக்கியத்தின் கடைசி வினை கேள்வியாக இருந்தால்தான் கேள்விக்குறி. “கூட்டம் எப்போது தொடங்கும் என்று அறியத் தரவும்.” இதற்கு முற்றுப்புள்ளி, ‘எப்போது’ இருந்தாலும் இது வேண்டுகோள். “கூட்டம் எப்போது தொடங்கும் என்று தெரியுமா?” இதற்குக் கேள்விக்குறி. கடிதங்களில் நான் திருத்திய கேள்விக்குறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வகைதான், ‘ஏன்’, ‘எப்படி’, ‘யார்’ என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகப் போட்டுவிடுகிறது.

‘ஆ’ விகுதி கேள்வியைக் காட்டிவிடுகிறதே, பிறகு குறி எதற்கு என்று நீங்கள் என்னையே மடக்கலாம். நியாயம்தான். “வந்தாரா” என்பதைக் குறி இல்லாமலும் புரிந்துகொள்வோம். ஆனால் “என்ன அழகு!”, “என்ன அழகு?” இரண்டுக்கும் சொல்லில் வேறுபாடே இல்லை, பாராட்டா அலட்சியமா என்பதைக் குறி மட்டும்தான் சொல்கிறது. இந்த இடங்களுக்காகக் கேள்விக்குறியை எல்லாக் கேள்விக்கும் பழக்கமாக வைத்திருப்பது நல்லது.

உணர்ச்சிக்குறி ஒன்று போதும். திருமண அழைப்பிதழில் மூன்று போட்டால் மகிழ்ச்சி மூன்று மடங்கு ஆகாது. கடிதம் தொடங்கும்போது “ஐயா,” என்று காற்புள்ளி போடுங்கள், முடிக்கும்போது “தங்கள் உண்மையுள்ள,” என்பதற்கும் காற்புள்ளி. முறைப்பாட்டுக் கடிதத்தில் உணர்ச்சிக்குறியே வேண்டாம். உங்களுக்கு நடந்த அநியாயத்தைத் திகதியோடும் தொகையோடும் சொன்னாலே வாசிப்பவருக்கு உறைக்கும்.

மூன்று புள்ளிகள் பற்றியும் ஒரு வார்த்தை. சொல்ல வந்ததை முடிக்காமல் விட்டதைக் காட்ட மூன்று புள்ளி. எங்கள் அம்மா வயதுள்ளவர்கள் செய்தி அனுப்பும்போது ஒவ்வொரு சொற்றொடருக்குப் பின்னும் ஐந்தாறு புள்ளி வைப்பார்கள், அது அவர்களுக்கு மூச்சுவிடும் இடம். ஆனால் இளையவர்கள் அதை வேறு மாதிரி வாசிக்கிறார்கள், கோபமோ, எதையோ மறைக்கிறார்களோ என்று நினைக்கிறார்கள். “சரி.....” என்று வந்தால் பிள்ளை பயந்துபோய் வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், முற்றுப்புள்ளி ஒன்று வைத்தால் போதும் என்று.

இடைவெளி, இலக்கம், முகவரி

குறிக்கு முன்னால் இடைவெளி விடாதீர்கள், பின்னால் ஒன்று விடுங்கள். முன்னால் விட்டால் போனில் வரி மடியும்போது கேள்விக்குறி மட்டும் தனியே அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அடைப்புக்குறிக்கு உள்பக்கமும் இடைவெளி கிடையாது.

சுருக்கெழுத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி: தே.அ.அ., க.பொ.த., இல., திரு. வாக்கியம் சுருக்கெழுத்தில் முடிந்தால் ஒரே புள்ளிதான், இரண்டு வேண்டாம். முகவரி “இல. 12, காலி வீதி, கொழும்பு 06.” என்று போகும், ஊருக்கும் வலய எண்ணுக்கும் நடுவில் காற்புள்ளி தேவையில்லை. திகதியை இங்கே 2024.05.12 என்று வருடம் முதலில் வைத்து எழுதுவது வழக்கம், வெளிநாட்டுக்கு அனுப்பும் தாளில் மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

காசு எழுதும்போது மிகக் கவனம். இந்தியத் தமிழ்ப் பக்கங்களில் 12,50,000 என்று இருக்கும். நம் வங்கிகளிலும் ரசீதுகளிலும் மூன்று மூன்றாகப் பிரித்து 1,250,000 என்றுதான் எழுதுகிறோம், வாயால் பன்னிரண்டரை இலட்சம் என்று சொன்னாலும். ஒரு தாளில் இரண்டு முறையும் கலந்தால் ஒரு பூச்சியம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கிறவர் தடுமாறுவார். சதம் போட்டால் 1,250.00 என்று போடுங்கள், அல்லது 1,250/= என்று போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

எழுதி முடித்த பிறகு

நான் செய்கிற முறை இது. முதல் தடவை எழுதும்போது குறிகளைப் பற்றி யோசிப்பதே இல்லை. இரண்டாம் தடவை வினைமுற்றுகளைத் தேடி முற்றுப்புள்ளி வைக்கிறேன். அப்புறம் வாய்விட்டு வாசிக்கிறேன், மெதுவாக, பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. வாய் தடுமாறுகிற இடத்தில் முதலில் சொற்களை மாற்றிப் பார்க்கிறேன், சரிவராவிட்டால் காற்புள்ளி. கடைசியாகப் பெயர்களை மட்டும் தனியே பார்க்கிறேன், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இருக்கும் அடைமொழி யாரைப் பிடிக்கிறது என்று. அறிவித்தல், அழைப்பிதழ் என்றால் வீட்டார் ஒருவரிடம் போனில் வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு விடுவதில்லை.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அது நம் நாட்டில் அடிக்கடி தேவைப்படுவது. தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்த, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்பவர்கள் கொழும்பில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கிலக் காற்புள்ளி இருக்கும் விசையைத் தட்டினால் ‘இ’ விழும், அரைப்புள்ளி இருக்கும் விசையைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். ஒருவர் ஆங்கில எழுத்துருவில் காற்புள்ளி போட்டுவிட்டு, பிறகு மொத்தப் பந்தியையும் பாமினிக்கு மாற்றினாலோ, அல்லது அதை யூனிகோடுக்கு மாற்றினாலோ, காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகிவிடும். “கொழும்புஇ கண்டிஇ யாழ்ப்பாணம்” என்று செய்திகளிலும் அறிவித்தல்களிலும் நீங்கள் பார்த்திருப்பது இதனால்தான்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. தமிழில் ‘இ’ என்ற உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும், கடைசியில் வரவே வராது. ஆகவே கோப்பைத் திறந்து, ‘இ’ எழுத்தையும் அதற்குப் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தேடுங்கள். சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு கிடைக்கிற ஒவ்வொன்றும் தொலைந்துபோன காற்புள்ளிதான், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றும் வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால், தேடும் இடத்தில் அந்த இடைவெளியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இ.போ.ச. பஸ்ஸின் பெயரிலும் காற்புள்ளி ஏறிவிடும்.